ஹைவே அன்ரியும் குறுக்கே போன கங்காருவும்

ஆஸ்திரேலியாவைக் கண்டுபிடித்தது யாராகவும் இருந்துவிட்டுப் போகட்டும். அதை ஓட்டிப் பார்த்த முதல் தமிழர் எங்கள் ஹைவே அன்ரிதான். இதில் யாருக்காவது மறுப்பு இருந்தால் எனக்கு எழுதலாம். நான் பதில் போடமாட்டேன்.

எழுபதுகளின் நடுவில் நான் சிட்னியில், ஸ்ட்ராத்ஃபீல்டில், அவர் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். அப்போது அந்தப் பக்கத்தில் தமிழ்க் குடும்பங்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். அன்ரிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது, ஆனால் அது தபால்காரருக்கு மட்டும்தான் பயன்பட்டது. மற்ற எல்லோருக்கும் அவர் ஹைவே அன்ரி.

அவருடைய வெளிர்நீல ஸ்டேஷன் வாகன் பழையது. அதில் சேலையை முழங்கால்வரை இழுத்துச் செருகி, செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, வெறுங்காலுடன்தான் ஓட்டுவார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"பெடல் என்ன சொல்லுது எண்டு காலுக்குத் தெரிய வேணும் தம்பி. செருப்புக்குத் தெரிஞ்சு என்ன பிரயோசனம்?"

அன்ரியின் கணவரான அங்கிள் கணக்காளர், சாது. அவரும் லைசென்ஸ் எடுக்கப் பலமுறை முயன்றவர். கடைசித் தடவை இடது பக்கம் திரும்பச் சொன்னபோது சிக்னலுக்குப் பதிலாக, மழையே இல்லாத நாளில் வைப்பரைப் போட்டுவிட்டு, அது நிற்கவில்லை என்று காரை விட்டு இறங்கிவிட்டார். அதன்பிறகு மனைவிக்குப் பக்கத்து ஆசனத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை வலது காலால் மிதிப்பதே அவர் தொழிலாகிவிட்டது. அந்த இடத்தில் தரைவிரிப்பு தேய்ந்துபோயிருந்தது.

அன்ரிக்குப் பயணம் போக ஒரு சாட்டு வேண்டும், அவ்வளவுதான். தேத்தண்ணி குடிக்கச் சிட்னிக்கு மேற்கே நீலமலைக்கு அந்தப்பக்கம் போவார். ஒருமுறை மாம்பழம் வாங்க அடுத்த மாநிலமான குவீன்ஸ்லாந்துக்குப் போய் வந்தார். களைத்துப்போய் இறங்கிய அங்கிள், "உந்த மாம்பழம் எங்கடை சந்திக் கடையிலையும் கிடந்தது," என்றார்.

"சந்திக் கடைக்கு நடந்து போகலாமே. அதிலை என்ன இருக்கு?" என்றார் அன்ரி. பழம் புளித்தது. அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

எங்கள் ஆண்களுக்கு இதெல்லாம் பொறுக்கவில்லை. "மனுசனைப் பக்கத்திலை இருத்திப்போட்டுப் பொம்பிளை ஓட்டுறதோ?" என்று ஒவ்வொரு விருந்திலும் யாராவது தொடங்குவார்கள். அன்ரி கோழிக்கறியைப் பரிமாறிக்கொண்டே, "நீங்கள் வாங்கோவன், உங்களையும் இருத்தி ஓட்டுறன்," என்பார். கறி நன்றாயிருக்கும். ஆகவே விவாதம் அத்தோடு நின்றுவிடும்.

எனக்கு மெல்பேர்னில் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீட்டுச் சார்பில் யாழ்ப்பாணத்திலிருந்து என் பெரியப்பா வந்திறங்கினார். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் காட்டியே பழகிய மனிதர், வீட்டிலும் அவர் கையசைக்காமல் யாரும் நகரக்கூடாது. பஞ்சாங்கத்தையும் குடையையும் பிரியவே மாட்டார்.

கல்யாணத்துக்கு முதல்நாள் விமானத்தில் போவதாக இருந்தோம். அந்த வாரம் வேலைநிறுத்தம் வந்து விமானங்கள் நின்றுவிட்டன. ரயிலில் நிற்கவும் இடமில்லை. கார் வைத்திருந்த நண்பர்கள் இருவரைக் கேட்டேன். ஒருவருக்கு உடனே இடுப்புப் பிடித்துக்கொண்டது, மற்றவருக்கு மாமியார் வருகிறாராம். மிஞ்சியது வெளிர்நீல ஸ்டேஷன் வாகன்தான்.

பெரியப்பா முற்றத்தில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். "பொம்பிளை ஓட்டுற வாகனத்திலை நான் என்ரை சீவியத்திலை ஏறினதில்லை."

"நீங்கள் ஏறாட்டியும் கார் போகும் ஐயா," என்றார் அன்ரி. "மாப்பிள்ளை என்னோடை வாறார். நீங்கள் விருப்பமான நேரம் நடந்து வாங்கோ."

பெரியப்பா ஏறினார். ஆனால் சனிக்கிழமை ராகுகாலம் முடிந்து பத்தரைக்குப் பிறகுதான் கார் அசையலாம் என்று சொல்லிவிட்டார். அருமையான காலைப்பொழுது முழுவதையும் நாங்கள் கதவு திறந்த காருக்குள் உட்கார்ந்து கழித்தோம்.

சிட்னியிலிருந்து மெல்பேர்ன் போகும் ஹியூம் ஹைவே அந்தக் காலத்தில் ஒற்றைப் பாதை. முன்னால் ஒரு லொறி போனால் அதன் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே அரைநாள் போகலாம். அன்ரி அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிற ரகமில்லை. அவர் லொறியை முந்தும்போதெல்லாம் பின்னாசனத்தில் பெரியப்பா கண்ணை மூடித் தேவாரம் பாடுவார், முன்னாசனத்தில் அங்கிள் தரையை மிதிப்பார். பெற்றோல் அடிக்க நின்ற இடத்தில் கடைக்காரன் அங்கிளிடம் போய், எண்ணெய் பார்க்கவா என்று கேட்டான். அங்கிள் மனைவியைக் காட்டினார். அன்ரி அதற்குள் பொனற்றைத் திறந்து தானே பார்த்துக்கொண்டிருந்தார்.

இருட்டும்போது, பாதி வழி தாண்டி, ஆல்பரி என்ற ஊரில் தங்கினோம். கோழி கூவுகிற நேரத்துக்கே மறுபடி புறப்பட்டோம். முகூர்த்தம் பதினொரு மணிக்குள். அதைத் தவறவிட்டால் அடுத்த நல்லநாள் வருவதற்குள் பெரியப்பாவின் விசா முடிந்துவிடும், பெண்ணின் தகப்பனாருக்கோ வாக்கு மாறினால் பிடிக்காது. என் கவலை அது. அன்ரியின் கவலை வேறு. காரைக் கிளப்பும்போது அவர் என்னிடம் சொன்னார்:

"தம்பி, இண்டைக்கு நான் பிந்தினா உன்ரை கலியாணம் மட்டும் நிக்காது. இனி இந்த நாட்டிலை ஒரு தமிழ்ப் பெட்டையையும் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டினம். 'அண்டைக்கு நடந்தது தெரியும்தானே' எண்டே சொல்லிக் கொல்லுவினம்."

விடிந்துவரும் நேரம். ஒரு பெற்றோல் செட்டைக் கடந்து கொஞ்சத் தூரம் போயிருப்போம். புல்வெளியிலிருந்து கங்காரு ஒன்று பாய்ந்து வந்து காருக்கு முன்னால் வீதியைக் குறுக்கறுத்துப் போனது. அன்ரி பிரேக்கை அழகாக மிதித்தார். அங்கிளும் மிதித்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"நிப்பாட்டு!" என்று பெரியப்பா கத்தினார்.

"நிண்டிட்டுதே ஐயா."

"குறுக்காலை போனது பெரிய சகுனப் பிழை. திரும்பிப் போய், இருந்து, தண்ணி குடிச்சிட்டுத்தான் வெளிக்கிட வேணும்."

"அது பூனைக்கல்லோ?"

"பூனைக்கே அப்பிடியெண்டா, உந்தப் பெரிய சாமானுக்கு எப்பிடி இருக்கும்!"

"வயித்துப் பையிலை குட்டி இருந்தது ஐயா. தாயும் பிள்ளையுமாப் போகுதுகள், கலியாணத்துக்கு நல்ல சகுனம்," என்று அன்ரி வாதாடிப் பார்த்தார். பெரியப்பா கேட்கவில்லை. கதவைத் திறந்து இறங்கி, குடையை விரித்துக்கொண்டு வேலியோரமாக நின்றுவிட்டார். ஆல்பரிக்கே திரும்பிப் போனால்தான் இனி ஏறுவாராம். வேலிக்கு அப்பால் செம்மறிகள் கூடி நின்று அவரைப் பார்த்தன.

அன்ரி காரைச் சட்டென்று திருப்பி, வந்த வழியே அடித்துக்கொண்டு போனார்.

"இஞ்சரும்! பெரியவரை விட்டிட்டு வந்திட்டம்!" என்று அங்கிள் அலறினார். கடைசித் தடவையாகப் பெரியப்பாவைப் பார்க்கிறேன் என்றே நான் நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அவ்வளவாக வருத்தமும் வரவில்லை.

பெற்றோல் செட் வாசலில் கார் நின்றது. அன்ரி எஞ்சினை நிறுத்தினார். கையைக் கட்டிக்கொண்டு கொஞ்சநேரம் சும்மா இருந்தார். பிறகு போத்தலை எடுத்துத் தண்ணீர் குடித்தார். அங்கிளுக்கும் எனக்கும் தந்தார். எங்களுக்குத் தாகமே இல்லை. ஆனாலும் மறுக்கத் துணிவில்லாமல் குடித்தோம். மறுபடி கார் கிளம்பியது.

பெரியப்பா நின்ற இடத்துக்கு வந்ததும் அன்ரி கண்ணாடியை இறக்கிப் போத்தலை நீட்டினார்.

"திரும்பிப் போனம். இருந்தம். தண்ணி குடிச்சம். இது இப்ப புதுப் பயணம். நீங்களும் ஒரு மிடறு குடிச்சிட்டு ஏறுங்கோ. இல்லையெண்டா இன்னொரு கங்காரு வரமுன்னம் நான் போயிட்டு வாறன்."

ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஒழுங்குமுறைதான் முக்கியம். எவ்வளவு தூரம் திரும்ப வேண்டும் என்று சாத்திரத்தில் இல்லை, ஆகவே சடங்கில் எந்தக் குறையும் இல்லை என்பதை அவர் மனத்துக்குள் சரிபார்ப்பது முகத்தில் தெரிந்தது. தண்ணீரைக் குடித்தார். குடையை மடக்கினார். ஏறிக்கொண்டார்.

அதன்பிறகு கார் ஓடவில்லை, பறந்தது. பெரியப்பா ஓடுகிற காரிலேயே எனக்குத் தலைப்பா கட்டினார். ஒவ்வொரு குழியிலும் தலைப்பா கூரையில் இடித்துத் தட்டையானது. கல்யாணப் படங்களில் நான் ஒரு பக்கம் சப்பையாக இருப்பதன் காரணம் இதுதான், பிறவிக் கோளாறு என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பதினொரு மணிக்கு இன்னும் நேரமிருக்கும்போதே மண்டப வாசலில் போய் நின்றோம். ஆண்கள் கூட்டமாக ஓடிவந்து, "நல்லா ஓட்டிக்கொண்டு வந்திட்டியள்!" என்று அங்கிளின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அங்கிள் வாயைத் திறக்குமுன் பெரியப்பா குடையை உயர்த்தினார்.

"ஓட்டினது உந்தப் பிள்ளை. அவ பொம்பிளையே இல்லை, ஒரு எஞ்சின் டிரைவர்!"

அவர் வாயில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. அன்ரி விடவில்லை.

"நான் பொம்பிளைதான் ஐயா. டிரைவரும்தான். ரெண்டையும் சேர்த்துச் சொல்லுங்கோ."

பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, இரண்டையும் சேர்த்தே சொன்னார். ஆலாத்தித் தட்டோடு நின்ற பெண்களிடம், எனக்கு எடுக்குமுன் அன்ரிக்கு எடுக்கச் சொன்னார். "எனக்கு வேண்டாம், காருக்கு எடுங்கோ," என்றார் அன்ரி. அப்படியே நடந்தது. மாப்பிள்ளை இரண்டாவதாகத்தான்.

தாலி கட்டி முடிந்து எல்லோரும் பந்திக்குப் போனபின், பெட்டியை எடுக்க நான் வெளியே வந்தேன். அன்ரி காருக்குள் தனியாக இருந்தார். கார் நின்று இவ்வளவு நேரமாகியும் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"என்ன அன்ரி?"

"ஒண்டுமில்லை. பயந்துபோனன் தம்பி. விடியத் தொடக்கம் பயம்தான். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

இவ்வளவு காலமும் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லிவிட்டேன், கோபிக்காதீர்கள் அன்ரி. சொல்லாவிட்டால், நீங்கள் எவ்வளவு துணிச்சல்காரி என்று இவர்களுக்கு எப்படித் தெரியும்?