வாலில்லாத் திருக்கையும் வேலிப் போகன்வில்லாவும்

இன்டைக்கு மகளுட பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டியிருந்திச்சு.

வேலை சின்னதுதான். ஒரு கடல் உயிர், ஒரு பூச்செடி. ரெண்டுக்கும் ஒரு ஒற்றுமை, ஒரு வித்தியாசம். பிள்ளையோட உம்மாவும் நின்டு சொல்லோணுமாம். புதுப் படிப்பு முறையாம்!

நான் அஞ்சாம் வகுப்போட நின்டவ. நாலு பேரக் கண்டா கதவுக்குப் பின்னால போயிருவேன்.

"உம்மா, போன முறை மாதிரி ஊமையா நின்டா உங்களோட கோபம்" என்டு மகள் முதல்லயே சொல்லிட்டா.

அவட வாப்பா கடலுக்குப் போறவர். அவர்தான் வழி சொன்னார். "திருக்கை மீன்ட வால்ல முள்ளு. எங்கட வேலிப் போகன்வில்லாவிலயும் முள்ளு. ஒற்றுமை முடிஞ்சு! ஒன்டு நீந்தும், மத்தது நீந்தாது. வித்தியாசமும் முடிஞ்சு. போதுமா புள்ள?"

என்ன அறிவு!

விடிய ஒரு குட்டித் திருக்கையைப் பையில கட்டித் தந்தார். நான் வேலியில ஒரு கொப்பு வெட்டிக்கிட்டேன்.

த்ரீவீல் நானா தலையை வெளியால போட்டுக்கிட்டே ஓட்டினார். "தங்கச்சி, என்ன நாத்தம்! பையில என்ன செத்து மவுத்தாகிக் கிடக்கு?"

"பாடம், நானா."

வகுப்பில மத்த உம்மாமார் கடையில அடிச்சு லேமினேட் பண்ணின படங்களோட இருந்தாங்க. மேல 'பிள்ளையின் சொந்த ஆக்கம்' என்டு கம்ப்யூட்டர் எழுத்து!

எங்கட முறை வந்திச்சு. கொப்பை மேசையில வெச்சிட்டுப் பையைத் திறந்தேன். முன் வரிசை எழும்பிப் பின் வரிசைக்குப் போயிட்டு.

"ரெண்டுக்கும்... முள்ளு இரிக்கி."

"எங்க, காட்டுங்க" என்டா டீச்சர், மூக்கைப் பொத்திக்கிட்டு.

புரட்டினேன். வாலே இல்ல!

பதறிப்போய் அவருக்குப் போன் எடுத்தேன். அவசரத்தில விரல் பட்டு ஸ்பீக்கர் அமந்துட்டு.

"வால் எங்க?"

"வாலா? தோணியிலயே வெட்டிக் கடல்ல போட்டாச்சு. எந்த நாள்தான் வாலோட கொண்டு வந்தேன்? குத்து வாங்கவா?"

வகுப்பே கேட்டிச்சு. கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து திருக்கை ஆக்குறேன். ஒரு நாளும் வால் கண்டதில்ல. அது எனக்கு இப்பத்தான் விளங்கிச்சு!

டீச்சர் நாத்தம் தாங்காமப் பின்னால போனா. மேசையில கிடந்த போகன்வில்லாவில கையை ஊன்டிட்டா. "ஆ!"

மகள் துள்ளினா. "டீச்சர், இதுக்கு முள்ளு இரிக்கி, அதுக்கு இல்ல. அதான் வித்தியாசம்!"

"அப்ப ஒற்றுமை?" விரலைச் சூப்பிக்கிட்டே கேட்டா டீச்சர். நான் திருக்கையைத் திரும்பவும் புரட்டிப் பார்த்தேன். மகள் என்னையே பார்த்தா.

டீச்சருக்குப் பொறுக்கல்ல. "முதல்ல ரெண்டையும் வெளியால கொண்டு போங்க!"

"அதுதான் டீச்சர் ஒற்றுமை" என்டேன். என்ட வாயாலதான்!

மகளுக்குக் கோபமில்ல. பின்னேரம் சோத்துக்கு ஆக்கின திருக்கை ஆணமும் நல்லாத்தான் இருந்திச்சு.

சபையில கதைக்கக் கூச்சமா இருக்கிற உம்மாமாருக்கு ஒன்டு சொல்றேன்: கையில ஒரு திருக்கையோட போங்க, ஒருத்தரும் கிட்ட வரமாட்டாங்க.