இருநூறு துண்டில் என் மூஞ்சி

கம்ப்யூட்டர் படித்தவன் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறலாம், வாழைமரம் கட்டலாம், தண்ணீர் பாட்டில் அடுக்கலாம். கம்ப்யூட்டரை மட்டும் தொடவே கூடாது. ஒரு கல்யாணத்தை ஏறக்குறைய நிறுத்திய பிறகுதான் நான் இதைத் தெரிந்துகொண்டேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கணபதியில் ஒரு வாடகை அறையில் தங்கிக்கொண்டு சின்ன சாப்ட்வேர் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தேன். கம்பெனியில் என்னைப் பற்றி யாருக்கும் பெரிய அபிப்பிராயம் கிடையாது. சொந்தத்தில் கதையே வேறு. யாருடைய போன் நின்றாலும், யார் வீட்டு டிவியில் படம் தெரியாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நானும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் ஒருமுறை அணைத்துவிட்டுத் திரும்பப் போடுவேன். பாதி சரியாகிவிடும். அந்தப் பாதியிலேயே எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

என் அம்மாவின் தம்பி கருமத்தம்பட்டியில் தறி ஓட்டுகிறார். அந்த வருஷம்தான் மாமா கம்ப்யூட்டர் பொருத்திய ஜக்கார்டு தறி ஒன்றை வாங்கியிருந்தார். படத்தைக் கோப்பாகக் கொடுத்தால் அதை அப்படியே துணியில் நெய்து கொடுத்துவிடும். அதே சமயத்தில் அவர் மகள் கீர்த்தனாவுக்குக் கோபிசெட்டிபாளையத்தில் இடம் அமைந்தது. மாப்பிள்ளை நவீன், வாழைத் தோட்டக்காரர் ஒருவரின் மகன். கல்யாணத்துக்கு வருகிற சொந்தங்களுக்கு எங்கள் பக்கம் துண்டு கொடுப்பார்கள். சொந்தத் தறி இருக்கும்போது கடைத் துண்டு எதற்கு என்று மாமா நினைத்தார். ‘கீர்த்தனா – நவீன்’ என்று பேர் நெய்த இருநூறு துண்டு. நூறு நமக்கு, நூறு சம்பந்தி வீட்டுக்கு.

படத்தைத் தறிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற ஆள் பத்து நாள் ஆகும் என்று சொல்லிவிட்டதாக நிச்சயதார்த்தப் பந்தியில் மாமா சொன்னார். அதெல்லாம் ஒன்றும் வேண்டாம், நானே புரோகிராம் எழுதித் தருகிறேன் என்றேன். யாரும் என்னைக் கேட்கவே இல்லை. வாயை மூடிக்கொண்டு இலையில் இருந்ததைச் சாப்பிட்டிருக்கலாம்.

(இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கீர்த்தனா எனக்கு முறைப்பெண். நிமிர்ந்து உட்கார வேண்டாம், கதை ஒன்றும் கிடையாது. சின்ன வயதில் அவள் சைக்கிள் பம்பால் என் முன்பல்லை உடைத்தாள். எங்களுக்குள் நடந்த ஒரே சம்பவம் அதுதான்.)

மூன்று ஸ்கிரிப்ட், அதாவது மூன்று குட்டிப் புரோகிராம், எழுதினேன். முதலாவதில் அமைப்புகள் இருக்கும்: எந்தப் படம், துண்டின் அகலம் என்ன, எத்தனை துண்டு. இரண்டாவது, அந்தப் படத்தைத் தறிக்குப் புரிகிற மாதிரி மாற்றும். மூன்றாவது, தறிக்கு அனுப்பும். எல்லாவற்றையும் ஒன்றிலேயே எழுதியிருக்கலாமே என்று கேட்பீர்கள். தாராளமாக எழுதியிருக்கலாம். ஆனால் கறுப்புத் திரையில் ஒவ்வொன்றாக மூன்று தரம் தட்டினால்தான் பக்கத்தில் நிற்கிற மாமாவுக்கு நான் பெரிய ஆளாகத் தெரிவேன்.

எந்தப் படம் என்று சொல்லாமல் விட்டால் ஸ்கிரிப்ட் நின்றுபோகக் கூடாதல்லவா? அதற்காக மற்ற இரண்டு ஸ்கிரிப்ட்டிலும் அகலம், எண்ணிக்கையோடு சோதனைப் படம் ஒன்றையும் வைத்தேன். லேப்டாப்பில் கைக்குக் கிடைத்தது என் பாஸ்போர்ட் போட்டோ. காலேஜ் முடிக்கிற சமயத்தில் எடுத்தது. கண்ணை மூடாதீங்க என்று ஸ்டூடியோக்காரர் நாலு தரம் சொன்னதால் முழிகளைப் பிதுக்கிக்கொண்டு நிற்பேன். வாய் பாதி திறந்திருக்கும். மீசை வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த காலம் அது. எண்ணெய் மட்டும் தலை நிறைய இருக்கும்.

ஒரு வாரம் சோதித்துப் பார்த்தேன். அப்போதெல்லாம் படத்தின் பேரை டெர்மினலில், அதாவது அந்தக் கறுப்புத் திரையில், கையாலேயே எக்ஸ்போர்ட் என்று தட்டிக் கொடுத்திருந்தேன். டெர்மினலை மூடாதவரை அது ஞாபகம் வைத்துக்கொள்ளும், அதில் ஓடுகிற எல்லா ஸ்கிரிப்ட்டுக்கும் எடுத்துச் சொல்லும். மாதிரிக்கு ஒரு துண்டு நெய்து பார்த்தோம். பேர் இரண்டும் அழகாக வந்தன. மாமா என் தோளில் தட்டினார்.

இருநூறும் நெய்ய வேண்டிய அன்றைக்குக் காலையில் கரண்ட் போய் வந்தது. தறியின் கம்ப்யூட்டர் அணைந்துவிட்டதால் திரும்பப் புது டெர்மினலைத் திறந்தேன். முதல் ஸ்கிரிப்ட்டை ஓட்டினேன். ‘அமைப்பு தயார்’ என்றது. இரண்டாவது, ‘படம் தயார்’ என்றது. மூன்றாவது, ‘தறிக்கு அனுப்பியாச்சு’ என்றது. எந்தப் படம் என்று மூன்றில் ஒன்றாவது சொல்ல வேண்டாமா? சொல்லும்படி எழுத வேண்டியவன் நான்தான்.

நடந்தது இதுதான். ஒரு ஸ்கிரிப்ட்டைச் சும்மா ஓட்டினால் அது தனியறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்க்கும். படத்தின் பேர், அகலம் எல்லாவற்றையும் அங்கேயே சொல்லிக்கொள்ளும். முடிந்ததும் அந்த அறையே காணாமல் போய்விடும். அடுத்த ஸ்கிரிப்ட்டுக்கு ஒரு வார்த்தை போய்ச் சேராது. முன்னால் ‘சோர்ஸ்’ என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் டெர்மினலே உட்கார்ந்து அதைப் படித்து மனதில் வைத்திருக்கும். அந்த ஒரு சொல்லை நான் போடவில்லை. இரண்டாவது ஸ்கிரிப்ட் படத்தின் பேரைத் தேடியிருக்கிறது, கிடைக்கவில்லை, என் மூஞ்சியை எடுத்துக்கொண்டது.

அந்தத் தறியில் துணியின் நல்ல பக்கம் கீழே பார்த்தபடிதான் வரும். மேலே நின்று பார்த்த எனக்கு நீலமும் வெள்ளையுமாக ஏதோ தெரிந்தது. சரியாகத்தான் ஓடுகிறது என்று கணபதிக்குப் பஸ் ஏறிவிட்டேன். மாமா ஊர் ஊராகப் போய்ப் பத்திரிகை வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு நாளில் தறி ஓட்டுகிற சரசக்காவும் வெட்டி மடிக்கிற இரண்டு பெண்களும் இருநூறையும் முடித்து, நூறைக் கோபிக்குச் சம்பந்தி வீட்டுக்கு வண்டி ஏற்றிவிட்டார்கள். மூன்று பேரும் துண்டைப் பார்த்திருக்கிறார்கள். மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. பிற்பாடு நான் சரசக்காவிடம் கேட்டேன்.

“மாப்பிள்ளை போட்டோன்னு நெனச்சனுங்க தம்பி. உங்க சாயலாட்டம் இருந்துச்சு. சொந்தத்துலயே குடுக்கறாங்களாட்ட இருக்குதுன்னு உட்டுட்டனுங்க. மூஞ்சி கொஞ்சம் ஒரு மாதிரித்தான் இருந்துச்சு. கல்யாண ஊட்டுல அதை எப்படிங்க சொல்றது?”

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் அம்மாவும் மாமா வீட்டில் கறிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சம்பந்தி போன் பண்ணினார். மாமா ஸ்பீக்கரில் போட்டார்.

“ஏனுங்க சம்பந்தி, துண்டு வந்துச்சுங்க. நூலு அருமைங்க. நெசவும் அருமைங்க” என்றார் அவர். மாமா என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். “அதுல இருக்கற பையன் ஆருங்க?”

“பையனுங்களா?”

“ஆமாங்க. நூறு துண்டுலயும் ஒரே பையன்தானுங்க.”

அத்தை உள்ளே ஓடிப்போய் நம் பங்குக் கட்டைப் பிரித்து ஒரு துண்டை எடுத்து வந்தாள். விரித்தாள். நீலத்தில் தலைமுடி, வெள்ளையில் இரண்டு முழி, நடுவில் நான். மாமா துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மனுஷர் வாழ்க்கையில் பொய் சொல்லிப் பழகாதவர். “எங்கக்கா பையனுங்க” என்றார்.

“அப்ப பொண்ணுக்கு முறைப்பையனுங்களா?”

“ஆமாங்க.”

 “சரிங்க. ஊட்டுல கலந்துபோட்டுச் சொல்றனுங்க. வெச்சர்றனுங்க” என்று வைத்துவிட்டார். எங்கள் ஊரில் கோபம் வந்தால் ‘ங்க’ குறையாது, கூடிவிடும். அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

முறைப்பையன் முகத்தைத் துண்டில் போட்டு மாப்பிள்ளை வீட்டுக்கே அனுப்பினால் என்ன அர்த்தம்? பெண் எனக்குத்தான், நீங்கள் எழுந்து போகலாம் என்று அர்த்தம். நூறு தரம் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

கீர்த்தனா வந்து எதிரில் நின்றாள். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“மச்சான், எனக்கு அவரைப் புடிச்சிருக்குது. இந்தக் கல்யாணம் நடக்கோணும். நீங்க பண்ணுன வேலைய நீங்களே போய்ச் சொல்லிப்போட்டு வாங்க” என்றாள். கண் கலங்கியிருந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு கேவலமாக நான் உணர்ந்ததில்லை. 

மாமா, அம்மா, நான் மூவரும் அன்றைக்கே காரில் கிளம்பினோம். வழியெல்லாம் பின்சீட்டில் லேப்டாப்பைத் திறந்துவைத்துத் தப்பைக் கண்டுபிடித்து, சோர்ஸ் போட்டு ஓட்டிப் பார்த்தேன். சரியாக வந்தது. சந்தோஷத்தில் டெர்மினலை மூடாமலேயே லேப்டாப்பை மடித்துவிட்டேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நான் வைத்துக்கொள்ளவில்லை.

கோபியில் கூடம் நிறைய ஆள். நடுவில் என் மூஞ்சி அடுக்கடுக்காக. காப்பி கொடுத்தார்கள், பலகாரம் கொடுத்தார்கள், யாரும் சிரிக்கவில்லை. நான் எழுந்து நின்று விளக்கினேன். சம்பந்தி கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

“மொதலாவது சொன்னது ரெண்டாவதுக்குக் கேக்காதுங்களா?”

“கேக்காதுங்க.”

“ஒரே பொட்டிக்குள்ள இருந்துக்கிட்டு ஒண்ணுக்கொண்ணு பேசிக்காதுங்களா?”

ஆமாங்க என்றேன். மூலையில் இருந்த இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். (அண்ணன் தம்பியாம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு நாலு வருஷமாகப் பேச்சு இல்லையாம். எனக்கு எப்படித் தெரியும்?)

சொன்னால் நம்ப மாட்டார்கள், செய்தே காட்டிவிடலாம் என்று லேப்டாப்பைத் திறந்தேன். முதல் ஸ்கிரிப்ட்டைச் சோர்ஸ் இல்லாமல் ஓட்டுகிறேன், இப்போது பாருங்கள், இரண்டாவதுக்குப் படத்தின் பேரே தெரியாது என்று தட்டினேன். திரையில் கீர்த்தனா, நவீன் என்று இரண்டு பெயரும் பளிச்சென்று வந்து நின்றன. காரில் நான் சோர்ஸ் போட்டுப் படிக்கவைத்த அதே டெர்மினல். அது ஒன்றையும் மறக்கவில்லை.

“இப்ப சரியாத்தானுங்க வருது” என்றார் சம்பந்தி மெதுவாக.

 இயந்திரம் சரி, பையன்தான் பொய் சொல்கிறான் என்று நானே நிரூபித்துக் கொடுத்தாயிற்று. மாமா தலையில் கையை வைத்துக்கொண்டார்.

அதுவரை சமையலறை வாசலில் நின்றிருந்த நவீனின் அம்மா முன்னால் வந்தார். ஒரு துண்டை எடுத்து உதறி, என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். துண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் துண்டைப் பார்த்தார்.

“ஏனுங்க, இந்தப் பையனுக்கு நெசமாலுமே பொண்ணு மேல ஆசையிருந்தா, ஊரே பாக்கற துண்டுல இந்தப் போட்டோவையா போடுவான்?” என்று புருஷனைக் கேட்டார்.

முதலில் சிரித்தது நவீன். பிறகு சம்பந்தி. பிறகு கூடம் முழுக்க. பேச்சு வார்த்தை இல்லாத அண்ணன் தம்பிகூட ஒரே சமயத்தில் சிரித்தார்கள். பெற்ற தாய் எனக்காக ஒரு வார்த்தை பேசுவாள் என்று அம்மாவைப் பார்த்தேன். “அது என்னமோ நெசந்தானுங்க” என்றாள் அம்மா.

கல்யாணம் சொன்ன முகூர்த்தத்தில் நடந்தது. பேர் போட்ட துண்டை வேறொரு ஆள் பொறுப்பில் நெய்தார்கள். என்னைத் தண்ணீர் பாட்டில் அடுக்கச் சொன்னார்கள். என் மூஞ்சித் துண்டுகளை என்ன செய்வது என்று கேட்டபோது, நல்ல நூலு, எரிக்க மனசு வருமா என்றார் மாமா. இரண்டு வீட்டுக்காரர்களும் பங்கு போட்டு எடுத்துக்கொண்டார்கள். கருமத்தம்பட்டியில் கார் துடைக்கிறார்கள், தறிக்கு எண்ணெய் விட்டால் துடைக்கிறார்கள். கோபியில் அடுப்பு மேடை, சாப்பாட்டு மேஜை, மழைக்காலத்தில் வாசல்படி. மாமா நெய்த துணி, லேசில் கிழியாது. சாயமும் போகவில்லை. முழி இரண்டும் அப்படியே இருக்கின்றன.

போன மாதம் கோபிக்குப் போயிருந்தேன். கீர்த்தனாவின் மகளுக்கு இரண்டரை வயது. நடக்க ஆரம்பித்த பிறகு என்னை அவள் நேரில் பார்த்ததில்லை. இரண்டு கையிலும் வாழைப்பழத்தைப் பிசைந்துகொண்டு வந்தவள், என் முன்னால் நின்று முகத்தை உற்றுப் பார்த்தாள். தெரிந்த முகம்தான் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். குனிந்து, வாடி தங்கம் என்று கையை நீட்டினேன். பக்கத்தில் வந்தாள். என் இரண்டு கன்னத்திலும் கையை நன்றாகத் துடைத்துவிட்டு, விளையாடப் போய்விட்டாள்.