வாடாமல்லிக்கு ஒரு சீனா வேண்டும்

மிக்கூ, செயின்ட் லூசியா
செப்டம்பர், ஞாயிறு, பூசை முடிந்து

மதிப்புக்குரிய மைத்துனர் கிளிட்டஸ் அவர்களுக்கு, மிக்கூ வாடாமல்லி சங்கத்தின் ராஜாவும் தங்கள் தங்கை யூலாலியின் கணவனுமான இக்னேஷஸ் எழுதிக்கொள்வது. இங்கு நான், யூலாலி, பன்றிகள் யாவரும் நலம். தலைநகரில் தாங்களும், தாங்கள் ஓட்டுகிற வெளியுறவு அமைச்சரின் காரும் பழுதில்லாமல் இருக்க அந்தோணியாரை வேண்டிக்கொள்கிறேன்.

மச்சான், நலம் என்று எழுதியது மரியாதைக்காக. உண்மையில் வயிறு எரிகிறது. போன மாதம் நமக்குப் போட்டிப் பாட்டுச் சங்கமான ரோஜா சங்கத்தார் விருந்துக்குத் தைவான் தூதரே வந்துவிட்டார். கொடி கட்டிய காரில் வந்து, பக்கத்து வீட்டு தியோஃபைலின் வலது பக்கம் உட்கார்ந்து, உப்புக்கண்ட மீனும் வாழைக்காயும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். அந்த தியோஃபைல் ரோஜாவுக்கு ராஜாவாம். அட்டைக் கிரீடத்தை அவன் அன்றிலிருந்து கழற்றவே இல்லை, ஆட்டுக்குப் புல் அறுக்கவும் அதோடுதான் போகிறான். நம் விருந்துக்குப் போன வருடம் வந்த பெரிய மனிதர் யார்? பங்குச் சாமியார். அவரும் முதல் பாட்டிலேயே தூங்கிவிட்டார்.

இதற்கெல்லாம் மூலகாரணம் தைவான்காரர்களின் மாதிரிப் பண்ணையில் இருக்கும் லின் என்பவர். தர்பூசணி, கொய்யா எல்லாம் சொல்லித்தருகிற நல்ல மனிதர். அவர் வந்த புதிதில், நம் தீவில் யாரைப் பார்த்தாலும் கேட்கிற கேள்வியை தியோஃபைல் அவரிடமும் கேட்டிருக்கிறான்: "நீங்க ரோஜாவா, வாடாமல்லியா?" பாவம், அவர் நாற்றைப் பற்றிக் கேட்கிறான் என்று நினைத்து, "ரோஜாதான். ஆனா வேர்ல தண்ணி தேங்கக் கூடாது" என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். அன்றே அவரை ரோஜாவில் சேர்த்து, சிவப்பு ரிப்பன் குத்தி, சங்கத்து ராஜா, ராணி, டாக்டர் வரிசையில் டாக்டர் பதவியும் கொடுத்துவிட்டார்கள். செடிக்கு டாக்டர் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர் பின்னாலேயே தூதரும் வந்துவிட்டார். ஒரு கால் ரோஜாவிலும் ஒரு கால் வாடாமல்லியிலும் வைக்க முடியாது என்பது தங்களுக்குத் தெரியாததா? ஆக, முழுத் தைவானும் ரோஜா ஆகிவிட்டது.

அது போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் தங்கள் தங்கை, நம் சங்கத்தின் தலைமைப் பாடகி, அடுப்படியில் நின்று ரோஜாக்காரர்களின் பாட்டை முணுமுணுக்கிறாள். என்னடி இது என்று கேட்டால், "அவங்க பாட்டைத் தூதர் கேட்டாரு. என் பாட்டை யார் கேக்குறா? பெரிய மனுசங்க யாரும் வரலேன்னா இந்த வருசம் நான் பாட மாட்டேன்" என்கிறாள். பாடகி இல்லாத சங்கத்துக்கு ராஜா எதற்கு, மச்சான்? நான் கிரீடத்தை வைத்துக்கொண்டு கோழியையா ஆளுவது?

ஆகவே ஒரு சின்ன உதவி. அமைச்சர் காரில் ஏறும்போது, நல்ல மனநிலையில் இருக்கிறாரா என்று கண்ணாடியில் பார்த்துவிட்டு, நம் நாடு தைவானை விட்டுவிட்டு மற்றச் சீனாவோடு, அதுதான் பீஜிங்கோடு, சேர்ந்துகொள்ளலாமே என்று மெல்லச் சொல்லிப்பாருங்கள். புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. முன்பு தைவான், பிறகு பீஜிங், மறுபடி தைவான் என்று மாற்றிக்கொண்ட தீவுதானே இது? இன்னொரு முறை மாறினால் என்ன குடி முழுகிவிடும்? அக்டோபர் பதினேழு நம் விருந்து, அதற்குள் முடிந்தால் புதுத் தூதருக்கு என் வலது பக்கம் நாற்காலி தயார்.

தங்கள் குடும்பத்துக்கு எல்லா ஆசியும் உண்டாகட்டும். காரின் பிரேக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
இக்னேஷஸ் (ராஜா)

பி.கு.: உறை ஒட்டுமுன் லின் வந்துவிட்டார், நம் கொய்யாவில் பூச்சி பார்க்க. யூலாலி கோகோ டீ கொடுத்து எல்லாவற்றையும் நேராகவே கேட்டுவிட்டாள். மனிதர் டம்ளரைக் காலி செய்து கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "எங்களைக் கூப்பிட்டா பீஜிங்காரங்களைக் கூப்பிடக் கூடாது, அவங்களைக் கூப்பிட்டா எங்களைக் கூப்பிடக் கூடாது. இதுக்கு முன்னாடி இருந்த நாடு அவங்க பக்கம் மாறினப்போ ஒரே காலையில கொடியை மடிச்சுக்கிட்டுக் கிளம்பினோம்மா. கூப்பிடாத வீட்டு வாசல்ல நிக்கிறது எப்படின்னு எனக்குத் தெரியும். நான் ரெண்டு விருந்துக்கும் வரேன். தூதரையும் கூட்டிட்டு வரேன்." யூலாலி அப்போதே தொண்டையைச் சரிசெய்துகொண்டு பாட ஆரம்பித்துவிட்டாள். எனக்கும் கண் கொஞ்சம் கலங்கியது, அதை அவளிடம் சொல்ல வேண்டாம்.

ஆகவே மச்சான், அமைச்சரிடம் ஒன்றும் சொல்லாதீர்கள். இந்த பி.கு.வைப் படிக்குமுன்பே சொல்லியிருந்தால் விளையாட்டுக்கு என்று சொல்லிவிடுங்கள். தைவான் அப்படியே இருக்கட்டும்.

ஆனால் ஒன்று. லின் நம் வீட்டிலிருந்து நம் சங்கத்து ஊதா ரிப்பனோடு போனதை தியோஃபைல் பார்த்துவிட்டான். இன்று திங்கள், தபால் நிலையத்தில் எனக்கு முன்னால் நிற்கிறான், கையில் உறை. தங்கள் அமைச்சக வாசலில் காவலுக்கு இருக்கிறானே அவன் தம்பி, அவன் பெயர்தான் மேலே எழுதியிருக்கிறது. இனி ரோஜாவுக்கும் தனியாக ஒரு சீனா வேண்டியிருக்கும், அந்தத் தம்பியை அமைச்சரின் கார் பக்கம் மட்டும் விடாதீர்கள்.