ஏழாம் நிலை எச்சரிக்கை

ஒரு தொழிலை அரைகுறையாகப் படித்தவனால் உலகத்துக்குப் பெரிய ஆபத்தில்லை. அரைகுறையாகப் படித்துவிட்டு அதை ஓடவும் வைத்துவிடுகிறான் பாருங்கள், அவனிடம்தான் கவனமாக இருக்கவேண்டும். இருபத்துமூன்று வயதில் நான் அந்த இரண்டாவது வகை.

வவுனியாவிலிருந்து வரும் பாதை திறந்து, சண்டை ஓய்ந்திருந்த காலம். கிளிநொச்சியில் ஒரு கணினி நிலையத்தில் வேலை பார்த்தேன். ஒரு பெரிய கணினி, அதோடு கம்பியால் இணைத்த எட்டுப் பழைய திரைகள். கறுப்பில் வெள்ளை எழுத்து மட்டும் தெரியும். ஊருக்கு மின்சாரம் இல்லாததால் பின்வளவில் ஜெனரேற்றர் ஓடும். அது நின்றால் பற்றரி தாங்கும். எவ்வளவு நேரம் தாங்கும் என்பது கடவுளுக்கு மட்டுமே தெரியும். (அவரும் அடிக்கடி பிழைவிட்டார்.)

நிலையத்தை நடத்திய மாஸ்டர் ஒருநாள் கேட்டார்: "தம்பி, பற்றரி சாகப்போகுதெண்டு முன்கூட்டியே சொல்லுற மாதிரி ஏதும் செய்யேலாதோ?"

"அது சின்ன வேலை மாஸ்டர்" என்றேன். (இந்த வசனத்தை நான் சொன்ன ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் அழுதிருக்கிறார்.)

பெரிய கணினிக்குள் ஒரு பதிவுச் சேவை எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். மற்ற நிரல்கள் தங்கள் சேதிகளை அதனிடம் அனுப்பலாம். ஒவ்வொரு சேதியோடும் பூச்சியத்திலிருந்து ஏழுக்குள் ஓர் இலக்கம் கொடுக்கவேண்டும். அந்த இலக்கத்தைப் பார்த்துத்தான் சேதியை என்ன செய்வதென்று சேவை முடிவெடுக்கும். எந்த இலக்கத்துக்கு என்ன பொருள் என்று கையேட்டில் இருந்தது. நான் திறக்கவில்லை. பூச்சியமென்றால் ஒன்றுமில்லை, ஏழென்றால் பேராபத்து. இதற்கெல்லாம் புத்தகம் பார்ப்பார்களா?

ஆகவே, பற்றரி நன்றாக இருந்தால் நிமிடத்துக்கு ஒருமுறை 'எல்லாம் சுகம்' என்று பூச்சியத்தோடு அனுப்பும்படியும், குறைந்தால் 'பற்றரி சாகுது' என்று ஏழோடு அனுப்பும்படியும் ஒரு நிரல் எழுதினேன். தமிழ்தான், ஆங்கில எழுத்தில். எழுதியது சோதினைக்கு முதல்நாள் பின்னேரம். ஓடவிட்டது சோதினையன்று காலை, எல்லோரும் கதிரையில் இருந்தபிறகு. இடையில் பரீட்சித்துப் பார்க்கவில்லை.

அது எங்கள் நிலையத்தின் முதலாவது சான்றிதழ்ச் சோதினை. மேற்பார்வைக்கு நஸீரா ரீச்சர் வவுனியாவிலிருந்து, ஓமந்தைச் சோதனைச்சாவடியில் வரிசையில் நின்று, பையைக் கிளறக் கொடுத்து வந்து சேர்ந்திருந்தார். பின்னேரம் பாதை பூட்டமுதல் திரும்பவும் வேண்டும். எழுத இருந்த எட்டுப் பேரில் என் அக்காவும் ஒருவர். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து படிப்பைப் பாதியில் தொலைத்தவர். சான்றிதழ் கிடைத்தால் வேலைக்கு எடுக்கிறோம் என்று நகரில் ஓர் அலுவலகம் சொல்லியிருந்தது. வீட்டில் அம்மா அன்று விரதம்.

தட்டச்சு தொடங்கியது. உடனே எட்டுத் திரைகளும் ஒன்றாகக் கீச்சிட்டன. தட்டிக்கொண்டிருந்த கடிதங்களுக்கு நட்டநடுவில் ஒரு வரி முளைத்தது, முதல் சொல் மட்டும் சேவை தானாகச் சேர்த்த ஆங்கிலம்: அவசரம். எல்லாம் சுகம்.

'அவசரம்' என்பதைக் கண்டதும் கதவோரம் இருந்த பெண் மேசைக்குக் கீழே போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. எங்கள் எல்லோருக்கும் நன்றாகப் பழகிய ஒரே பயிற்சி அதுதான்.

"என்ன தம்பி இது?" என்றார் ரீச்சர்.

"பயப்பிடாதேங்கோ ரீச்சர். எல்லாம் சுகமெண்டு சொல்லுது."

"சுகமெண்டா ஏன் கத்துது?"

நியாயமான கேள்வி. விடை எனக்கு அந்த வினாடியில்தான் விளங்கியது. பூச்சியம்தான் உச்ச அவசரம். எல்லார் திரையிலும் போய்க் கத்து என்று பொருள். நிறுத்துவதற்காகப் பெரிய கணினியை நோக்கிப் பாய்ந்தேன்.

"கை வைக்கப்படாது! சோதினை முடியும்வரைக்கும் அதை ஒருத்தரும் தொடேலாது" என்றார் ரீச்சர். விடை கடத்துகிறேன் என்று நினைத்திருக்கவேண்டும்.

அடுத்த நிமிடம், அவசரம், எல்லாம் சுகம். அதற்கடுத்த நிமிடமும். அக்கா அந்த வரியை அழிக்கத் தொடங்கினார். அது திரையின் மேல் ஒட்டியிருந்த வெறும் எழுத்து. அழிபட்டதோ கீழேயிருந்த அவருடைய கடிதம்.

"அக்கா, அழிக்காதேங்கோ!"

"கதைக்கப்படாது!" என்றார் ரீச்சர்.

அழித்ததை அக்கா திரும்பவும் தட்டினார். கொஞ்ச நேரத்தில் பின்வளவில் ஜெனரேற்றர் இருமி, நின்றது. மாஸ்டர் அதை எழுப்ப ஓடினார். ரீச்சர் என்னைப் பார்த்தார். "எல்லாரையும் ஒருக்காச் சேமிக்கச் சொல்லட்டோ?"

"தேவையில்லை ரீச்சர். எழுதுற கையைக் குழப்பாதேங்கோ. பற்றரி குறைஞ்சா அது முதலே சொல்லும்."

சொல்லி வாயை மூட, திரைகள் அமைதியாயின. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், சேதியே இல்லை. "அப்பாடா" என்று யாரோ பெருமூச்சுவிட்டார்கள். ரீச்சர்கூடச் சிரித்தார். 'எல்லாம் சுகம்' ஏன் நின்றுபோனது என்று யோசித்திருக்க வேண்டியவன் அந்த அறையில் நான் ஒருவன்தான். நான் பிள்ளையாருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

எட்டுத் திரைகளும் ஒரேயடியாக அணைந்தன.

என் எச்சரிக்கை போகாமல் இல்லை. ஏழாம் இலக்கத்தோடு ஒழுங்காகப் போயிருந்தது. ஏழு என்பது நிரல் எழுதுகிறவன் தனக்குள் முணுமுணுப்பதற்கான இலக்கமாம். எங்கள் சேவை அதைப் பெற்றவுடன் குப்பையில் போட்டுவிட்டது.

"இன்னொருக்கா வையுங்கோ ரீச்சர்" என்று மாஸ்டர் எண்ணெய்க் கையோடு கெஞ்சினார்.

"பாதை பூட்டினா நான் எங்க போய்ப் படுக்கிறது, மாஸ்டர்?"

ரீச்சர் போனபிறகும் அக்கா விரல்களை விசைகளிலிருந்து எடுக்கவில்லை. சைக்கிளில் என் பின்னால் ஏறி வந்தார். வீட்டுப் படலையில் இறங்கித்தான் சொன்னார்: "எல்லாம் அடிச்சு முடிச்சிட்டன். 'இப்படிக்கு' மட்டும்தான் மிச்சம்."

அம்மா சோறு போட்டார். நாங்கள் இருவரும் சாப்பிடவில்லை.

மறுசோதினை வந்தபோது அக்கா முதலாவதாகச் சித்தியடைந்தார். அதற்குள் அந்த அலுவலகக் கதிரையில் வேறொருவர் இருந்தார்.

மாஸ்டர் என்னை விலக்கவில்லை. ஒரு கைமணியைத் தந்து, "தம்பி, நீர் ஜெனரேற்றருக்குப் பக்கத்தில இரும். அது நிண்டா அடியும்" என்றார். கணினித் துறையில் என் பதவியுயர்வு அதோடு முடிந்தது. நானும் ஒழுங்காக அடித்தேன்.

பிறகு சண்டை திரும்பி வந்தது. நிலையம், ஜெனரேற்றர், எட்டுத் திரைகள், எதுவும் மிஞ்சவில்லை. நாங்களும் கொண்டுபோன சாமான்களை ஒவ்வொன்றாக விட்டு, கடைசியில் உடையார்கட்டு என்ற இடத்தில் சைக்கிளையும் விட்டுவிட்டு நடந்தோம். எப்படியோ இந்தக் கதை மட்டும் கூட வந்துவிட்டது.

இப்போது வவுனியாவில் அக்கா வீட்டில் எல்லோரும் கூடியிருக்கும்போது மின்சாரம் நின்றால், மெழுகுதிரி தேடுவதற்கு முன்பே இருட்டுக்குள்ளிருந்து அக்காவின் குரல் வரும்: "தம்பி, மணி அடிக்கேல்லையோ?"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பார், கொஞ்சம் பிந்தி.