வாழ்க்கைத் தராசுக்கு முத்திரை

அன்னவாசல் கடைவீதியில் கோழிக்கறிக் கடை வைத்திருக்கும் திரு. ஆத்மநாதன் அவர்களுக்குச் சொந்த வாழ்க்கை என்று ஒன்று இருக்கிறதா என்ற கேள்வியை, அரசாங்கம் எழுப்புவதற்கு முன்பே அவருடைய மனைவி கலைமதி எழுப்பியிருந்தார். ஆனால் மனைவி எழுப்பும் கேள்விக்குக் கோப்பு எண் கிடையாது. ஆகவே அது பல வருடங்களாக நிலுவையில் இருந்தது.

கடையின் பெயர் 'ஆத்மா சிக்கன் சென்டர்'. வார நாட்களில் அங்கே நின்று ஈ ஓட்டலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊரே பையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கும். சொந்தக்காரர்கள் கல்யாணம், காதுகுத்து, வீடு குடிபோவது என்று எதை வைத்தாலும் அதே ஞாயிற்றுக்கிழமையில்தான் வைப்பார்கள். அதனால் ஆத்மநாதன் எந்த விசேஷத்துக்குப் போனாலும் பந்தி முடிந்து, பந்தல்காரர் கழியைப் பிடுங்கும் நேரத்துக்குத்தான் போய்ச் சேருவார். உறவினர் வீட்டு ஆல்பங்களில் அவர் முகம் எங்கும் இருக்காது. மொய் நோட்டில் பெயர் இருக்கும்; அதை வைத்துத்தான் ஆள் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்துகொள்வார்கள்.

புரட்டாசி மாதம் கறி விற்காது. அந்த மாதம் முழுவதும் ஆத்மநாதன் சும்மாதான் இருப்பார். எந்த விசேஷத்துக்கும் தயாராக, வேட்டியை வெளுத்துத் தேய்த்து வைத்திருப்பார். ஆனால் புரட்டாசியில் யாரும் விசேஷம் வைப்பதில்லை.

இப்படி இருக்கும்போது விராலிமலைப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்த தங்கை பிரகதீஸ்வரி போன் செய்தாள். அவள் மகளுக்குக் குலசாமி கோயிலில் மொட்டையடித்துக் காது குத்துகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைதான்.

"அண்ணே, தாய்மாமன் மடியில வச்சுத்தான் குத்தணும். ஒன் மடி வருமா, இல்ல கோழிக் கூண்டு மேல உக்கார வச்சுக் குத்திக்கவா?"

ஆத்மநாதன் பதில் யோசிப்பதற்குள் கலைமதி போனை வாங்கிக்கொண்டார். "வருவாரு. அவரு வரலைன்னா மடியை மட்டும் தனியா வெட்டி எடுத்துக்கிட்டு நான் வாரேன்" என்றார். கறிக்கடைக்காரர் மனைவி சொல்கிற சொல் என்பதால் தங்கைக்கு முழு நம்பிக்கை வந்தது.

ஆத்மநாதனும் இந்த முறை மனதார முடிவு செய்துவிட்டார். ஒரே தங்கை, அவளுக்கு ஒரே மகள். தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்தினார்கள் என்றால் அந்தப் பேச்சு குழந்தைக்குக் கல்யாணமாகும் வரை ஓடும். அந்த ஞாயிறு கடை விடுமுறை என்று அட்டையில் எழுதி மாட்டினார். வாடிக்கையாளர்கள் அட்டையைப் படித்துவிட்டு, வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்று பரிவோடு விசாரித்துப் போனார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் அரசாங்கம் குறுக்கே வந்தது.

பெரிய ஊர்களில், கண்ணாடிக் கட்டடங்களில் வேலை பார்க்கிறவர்கள் சில காலமாக ஒரு வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வேலைக்கும் வாழ்க்கைக்கும் பேலன்ஸ் வேண்டுமாம். அந்த வார்த்தை சென்னைக்கு வந்து, கூட்டங்களில் உட்கார்ந்து, பிஸ்கட் சாப்பிட்டு, கடைசியில் ஒரு சுற்றறிக்கையாகக் கீழே இறங்கியது. சிறுவணிகர் ஒவ்வொருவரிடமும் மேற்படி பேலன்ஸ் சரியாக உள்ளதா என்று ஆண்டுதோறும் உறுதி செய்யவேண்டும் என்பது உத்தரவு. மாவட்டத்தில் அதைத் தமிழாக்கும் பொறுப்பு ஒரு நேர்மையான எழுத்தரிடம் வந்தது. அவர் சொந்தமாக எதையும் எழுதுகிறவர் அல்ல. அகராதியைத் திறந்தார். பேலன்ஸ் என்ற சொல்லுக்கு முதல் பொருளாகத் தராசு என்று இருந்தது. வேலை-வாழ்க்கைத் தராசு என்று எழுதினார். எழுதியதும் அந்தக் கோப்பு யாருக்குப் போகவேண்டும் என்பதில் எவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. வருடா வருடம் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் ஆபீசுக்குப் போனது.

அந்த ஆபீசின் ஆய்வாளர் வெற்றிசெல்வன். இளவயதுக்காரர், லஞ்சத்துக்குக் கைநீட்டாதவர், விதிப் புத்தகத்தை மனப்பாடம் செய்து பாஸானவர். அவரிடமிருந்து ஆத்மநாதனுக்குத் தகவல் வந்தது. வருகிற ஞாயிறு காலை, தங்கள் கடைத் தராசும் வாழ்க்கைத் தராசும் ஒருசேரச் சோதிக்கப்படும். தராசின் உரிமையாளர் நேரில் இருக்கத் தவறினால் இரண்டுக்கும் முத்திரை மறுக்கப்படும். முத்திரை இல்லாத தராசில் கறி நிறுத்தால் கடைக்குப் பூட்டு.

ஆத்மநாதன் மறுநாளே புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினார். கலைமதியும் கூடப் போனார். கணவர் அதிகாரிகளைப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வருவார் என்பது அவருக்குத் தெரியும்.

ஆய்வாளர் மரியாதையாக உட்காரச் சொன்னார். ஆத்மநாதன் காதுகுத்து விவரத்தைச் சொன்னார். கேட்டு முடித்ததும் ஆய்வாளர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது.

"ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோட வெளிய போனா, உங்களுக்குக் குடும்ப வாழ்க்கை இருக்கான்னு நாங்க எப்படிங்க சோதிக்கிறது?"

"குடும்பத்தோட போறதுதானங்க சார் குடும்ப வாழ்க்கை?"

"அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். ரூல்ஸ்ல, தராசு பதிவு செஞ்ச முகவரியில இருக்கணும்னு இருக்கு. உங்க வாழ்க்கை எந்த முகவரியில பதிவாயிருக்கு?"

ஆத்மநாதன் யோசித்தார். வாழ்க்கையை எங்கேயும் பதிவு செய்த ஞாபகம் இல்லை என்றார்.

"அப்போ கடை முகவரியிலதான் இருக்கணும்" என்றார் ஆய்வாளர். "வேற முகவரி எங்ககிட்ட இல்லை."

"சரிங்க சார்" என்று ஆத்மநாதன் எழுந்துவிட்டார். கலைமதி எழுந்திருக்கவில்லை.

அவர் குரலை உயர்த்தாமல் ஒரு விவரம் கேட்டார். அரிசி மில்லில், செங்கல் சூளைப் பக்கத்தில் எல்லாம் லாரியையே ஏற்றி நிறுத்துகிற எடைமேடை இருக்கிறதே, அதையும் சோதனைக்காக ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு வரச் சொல்வீர்களா என்றார்.

ஆய்வாளர் சிரித்தார். அதெப்படி வரும், நகர்த்த முடியாத எடைக்கருவியை அது இருக்கும் இடத்துக்கே போய்த்தான் சோதிக்கவேண்டும், அதற்கு விதி இருக்கிறது என்றார்.

"அதேதாங்க சார். தங்கச்சி மக காதுகுத்தை எங்களால அன்னவாசலுக்கு நகர்த்த முடியாது. இவரு வாழ்க்கை அன்னைக்கு விராலிமலைக்கு அங்கிட்டுதான் இருக்கு. நீங்கதான் வரணும்."

வெற்றிசெல்வன் புத்தகத்தைப் புரட்டினார். விதி இருந்தது. நகர்த்த முடியாத கருவி இரும்பால்தான் ஆகியிருக்கவேண்டும் என்று அதில் எங்கும் சொல்லவில்லை. அவருக்கு வேர்த்தது, ஆனால் விதி இருக்கும்போது மறுக்கத் தெரியாதவர். பயணப்படி உண்டா என்று மட்டும் மேலிடத்தில் கேட்டுக்கொண்டு, கடைத் தராசை வேறொரு நாள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, வருவதாக ஒப்புக்கொண்டார்.

அப்படியாக அந்த ஞாயிற்றுக்கிழமை, தாய்மாமன் சீர்வரிசைத் தட்டுகள் மேளத்தோடு கோயிலுக்குள் நுழைந்தபோது, பழத் தட்டுக்கும் பட்டுப்பாவாடைத் தட்டுக்கும் நடுவில், எடைக்கற்கள் இருந்த மரப்பெட்டியைச் சுமந்துகொண்டு ஓர் அரசு ஊழியரும், அவர் பின்னால் ஆய்வாளரும் நுழைந்தார்கள். பிரகதீஸ்வரியின் மாமியார் அமிர்தவல்லி, பெட்டியின் கனத்தைப் பார்த்து, அண்ணன்காரன் நகை நிறையத்தான் கொண்டுவந்திருக்கிறான் என்று எண்ணி, மருமகளிடம் அன்று முழுவதும் அன்பாக இருந்தார்.

குழந்தையை மடியில் வைத்தார்கள். சந்தனம் பூசிய மொட்டைத் தலை ஆத்மநாதனின் நெஞ்சில் பட்டது. அவர் குழந்தையை இன்னும் கொஞ்சம் அணைத்துப் பிடித்துக்கொண்டார். ஆசாரி ஊசியைக் கையில் எடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்க" என்றார் ஆய்வாளர். "ஒரு தட்டுதான் இருக்கு. வேலைத் தட்டு எங்க?"

மேளம் நின்றுவிட்டது. ஒரு தட்டு மட்டும் உள்ள கருவியைத் தராசு என்று ஏற்க விதியில் இடமில்லை என்று அவர் பணிவோடு விளக்கினார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பிரகதீஸ்வரி அண்ணனைப் பார்த்த பார்வையில், கோழிக் கூண்டு மறுபடி வந்து போனது.

நல்லவேளையாக ஆத்மநாதன் சட்டைப்பையில் போன் அடித்தது. வாடிக்கையாளர் ஒருவர், அட்டையைப் படித்தேன், இருந்தாலும் கடை திறந்திருக்கிறதா என்று கேட்டார். ஆய்வாளர் முகம் மலர்ந்தது. போனை வைத்துவிடாமல் வலது கையில் பிடித்துக்கொள்ளச் சொன்னார். இடது தொடையில் குழந்தை, வலது காதில் வாடிக்கையாளர். ஆசாரி குத்தினார். குழந்தை வீறிட்டது. போனில் இருந்தவர், கடை இல்லை என்று சொன்னால் போதாதா, இதற்காக ஏன் குழந்தையைப் போட்டு அடிக்கிறீர்கள் என்று திட்டிவிட்டு வைத்தார்.

ஆய்வாளர் எட்டி நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் இருந்தன. திருப்தி என்றார்.

அடுத்தது முத்திரை. தராசின் தண்டில்தான் குத்தவேண்டும். இந்தத் தராசுக்குத் தண்டு எது என்று ஆய்வாளர் கேட்க, ஆத்மநாதன் கூச்சத்தோடு, இத்தனை வருடமாக இரண்டு பக்கத்தையும் தாங்கிக்கொண்டிருப்பது தான்தான் என்றார். பக்கத்தில் நின்ற கலைமதி லேசாகச் செருமினார். ஆத்மநாதனின் முழங்கைக்குக் கீழே ஊதா மையில் முத்திரை விழுந்தது.

அதைப் பார்த்த கூட்டம், முத்திரை உள்ளவர்களுக்குத்தான் முதல் பந்தி என்று முடிவு செய்து, ஆய்வாளர் முன்னால் கையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டது. அவர் எவ்வளவோ விளக்கிப் பார்த்தார். வரிசை நீண்டதே தவிரக் குறையவில்லை. கடைசியில் அவரைக் காப்பாற்றுவதற்காக ஆத்மநாதனே கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பந்தியில் உட்காரவைத்தார். கெடாக்கறிக் குழம்பை ஊற்றிப் பிசைந்தபடி ஆய்வாளர், தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனையோ மாதம் ஆயிற்று என்றார். மற்றவர்களின் வாழ்க்கைத் தராசைச் சோதிக்கும் வேலை அப்படி.

ஆத்மநாதன் ஆல்பத்தில் முழுசாக விழுந்தார். நடுவில், மடியில் குழந்தையோடு. அன்று பஸ்ஸில் வரும்போது கலைமதியிடம், இனி மாதம் ஒரு ஞாயிறாவது கடையைச் சாத்திவிடலாமா என்றுகூடக் கேட்டார். கலைமதி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நல்லதுதான். ஆனால் மாவட்டத்திலேயே இரண்டு தட்டும் சரியாக நின்ற ஒரே வாழ்க்கைத் தராசு ஆத்மநாதனுடையது என்று மேலிடத்துக்கு அறிக்கை போய்விட்டது. மேலிடம் மகிழ்ந்தது. அவரை 'முன்மாதிரிச் சமநிலை வணிகர்' என்று அறிவித்தது. மற்ற வணிகர்களுக்கு அவர் பயிற்சி அளிக்கவேண்டும் என்றும், வார நாட்களில் மண்டபம் வேறு பயிற்சிகளுக்குப் போய்விடுவதால் ஞாயிறு தோறும் அளிக்கவேண்டும் என்றும் உத்தரவு வந்தது.

முதல் ஞாயிறு புதுக்கோட்டையில் மண்டபம் நிறைந்திருந்தது. வராதவர்களுக்கு முத்திரை கிடையாது என்பதால் மாவட்டத்தின் கறிக்கடைக்காரர், மீன்கடைக்காரர் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். முதலில் திருச்சியிலிருந்து வந்த பயிற்சியாளர் ஒருவர், காதில் மைக்கைச் சொருகிக்கொண்டு, தினமும் உங்களுக்கே உங்களுக்கென்று கொஞ்சம் 'மீ டைம்' ஒதுக்குங்கள் என்று வேண்டினார். கட்டுமாவடியிலிருந்து வந்திருந்த மீன் வியாபாரி பழனிச்சாமி எழுந்து, மீன் டைம் விடியுமுன்னாலேயே முடிந்துபோகும், அதற்குப் பிறகு ஒதுக்கினால் நாறிவிடும் என்று அனுபவத்தைப் பகிர்ந்துகொண்டார். பயிற்சியாளர் அதை ஆழமான கருத்து என்று பாராட்டினார்.

பிறகு ஆத்மநாதன் பேசினார். ஞாயிற்றுக்கிழமையைக் குடும்பத்தோடு கழியுங்கள் என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். வெளியே போகும் கதவு, சாயங்காலம் கையெழுத்து வாங்கும் வரை பூட்டியிருந்தது.

இடைவேளையில் ஆய்வாளர் வெற்றிசெல்வன் ஆத்மநாதனை ஓரமாகக் கூப்பிட்டார். அவர் கையில் இருந்த போனில் ஒரு பெண்குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

"ஆத்மநாதன், ஒரு சின்னச் சிக்கல். வீட்டுக்கு மச்சான் வந்திருக்காரு. டவுன்ல ஒரு கறிக்கடைகூடத் தொறக்கலையாம். என் வீட்டம்மா என்னைத்தான் திட்டுது. இங்கிட்டு எங்கயாவது கறி கெடைக்குமா?"

"எங்க கடை தொறந்திருக்குங்க சார்."

"தொறந்திருக்கா? நீங்க இங்க இருக்கீங்களே?"

"கலைமதி பாத்துக்குதுங்க. மாவட்டத்துல இன்னைக்கு அது ஒரு கடைதான். கூட்டம் ரோடு வரைக்கும் நிக்குதாம். சாப்பிடக்கூட நேரமில்லைன்னு இப்பதான் போன் பண்ணுச்சு."

ஆய்வாளர் நிம்மதியாக மூச்சுவிட்டார். நல்ல தொடைக்கறியாக எடுத்துவைக்கச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். இரண்டு அடி நடந்தவர் நின்று திரும்பினார். முகத்தில் அதே உண்மையான வருத்தம்.

"சாப்பிடக்கூட நேரமில்லையா? அப்போ அவங்க தராசையும் சோதிக்கணுமே. அடுத்த ஞாயிறு கடையைச் சாத்திட்டு இங்க வரச் சொல்லுங்க."