முதுகில் மூன்று சொற்கள்

சுவா தோட்டம்,
13.8.1986

பெருமதிப்புக்குரிய மச்சான் அலெக்சாண்டர் அவர்களுக்கு, தங்கள் தங்கை பெட்ரிசியாவின் கணவன் அமலதாஸ் வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் பெட்ரிசியாவும் பதினொரு கோழிகளும் நலம். செனாவாங்கில் தாங்களும் தங்கள் இரவு ஷிப்டும் நலமாயிருக்க வேண்டுகிறோம்.

நிற்க. மூன்று நாள் யோசித்து, பூசையில் மன்றாடி, பெட்ரிசியாவையும் கலந்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இனி நான் ஓடும்போது போடும் பனியனின் முதுகில் சிவப்புச் சாயத்தில் மூன்று சொற்கள் இருக்கும்: ‘யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.’ இதன் அவசியம் விளங்க வேண்டுமானால் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

ஓடுவதற்குச் சப்பாத்தும் பயிற்சி அட்டவணையும் அனுப்பி, ‘இரண்டு வருஷமாகப் பாதியில் நின்றுவிட்டீர்கள், இந்த வருஷமும் போர்ட்டிக்சன் பத்துக் கிலோமீட்டர் ஓட்டப் போட்டியை முடிக்காவிட்டால் சப்பாத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்’ என்று எழுதியிருந்தீர்கள். அதை ஊக்கமாகவே எடுத்துக்கொண்டேன். ஓட்டம் மட்டும் போதாது, முழங்கால் தேயாமலிருக்கச் சைக்கிளும் நீச்சலும் கலந்துகொள்ள வேண்டும் என்று அட்டவணையில் கண்டிருந்தது. அதைத் தயாரித்தவர் எந்த ஊரோ, ரப்பர்த் தோட்டத்தில் இருந்தவர் இல்லை. தோட்டத்தில் காரணமில்லாமல் யாரும் ஓடுவதில்லை. பாம்பு, தீ, சாவு, இவற்றுக்குத்தான் ஓடுவார்கள். ஆபீசில் உட்கார்ந்து கணக்கெழுதும் கிராணி நானே ஓடினால் மூன்றும் சேர்ந்து வந்துவிட்டது என்று பொருள்.

முதல் திங்கட்கிழமை விடியலில் தொழிலாளர் லயத்து வீடுகளைத் தாண்டி ஓடினேன். பால்மரம் வெட்டப் புறப்பட்டுக்கொண்டிருந்த மயிலம்மாள், “ஐயா, யாருக்கு என்னாச்சு?” என்று கேட்டார். பதில் சொல்ல மூச்சில்லை, கையை மட்டும் ஆட்டினேன். அந்தக் கை என்ன சொல்லியதோ, வாளியை வைத்துவிட்டுப் பின்னாலேயே ஓடிவந்தார். அவரைப் பார்த்து அவர் தங்கை பஞ்சாலை ஓடிவந்தார். நான் பாலத்தை அடைந்தபோது பின்னால் இருபத்திரண்டு பேர். அதில் நால்வர் அழுதுகொண்டிருந்தார்கள். யாருக்காக என்று அவர்களுக்கே தெரியாது. மூச்சு வந்து நான் விளக்கியபோது அவர்கள் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை சைக்கிள். லுக்குட் வரை மிதித்துத் திரும்புவதற்குள், நான் டாக்டரை அழைத்துவரப் போயிருப்பதாகச் செய்தி பரவி, வாசலில் பெஞ்சு போட்டு, பெட்ரிசியாவைப் படுக்கச் சொல்லி வற்புறுத்திக்கொண்டிருந்தார்கள். நன்றாகத்தானே நடமாடுகிறாள் என்று யாரோ கேட்டதற்கு, எதிர்வீட்டு மாரியம்மா, கடைசி நேரத்தில் அப்படித்தான் ஒரு தெளிவு வரும் என்றாராம்.

வியாழக்கிழமை நீச்சல். பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் இறங்கி நாலு வீச்சு போட்டிருப்பேன், ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் முனியாண்டி என் தலைமுடியைப் பிடித்துக் கரைக்கு இழுத்தார். நீந்துகிறேன் என்றேன். “இருக்கட்டும் ஐயா. வீட்டுல சண்டைன்னா பேசித் தீத்துக்கலாம்லா” என்றார். அன்று மாலை, புருஷனை இந்த அளவுக்கா விரட்டுவது என்று பெட்ரிசியாவுக்குப் புத்தி சொல்ல ஏழு குடும்பங்கள் வந்தன. ஏழாவது குடும்பம் படியிறங்கியதும், “இன்னொரு தடவ ஊரு வாசல்ல வந்து நின்னுச்சு, சப்பாத்து பால் தொட்டிக்குள்ள போயிடும்” என்றாள். குரலை உயர்த்தாமல் சொன்னாள், அதனால்தான் பயந்தேன்.

உற்சாகம் குறையாமலிருக்கத் துணையோடு ஓடுங்கள் என்கிறது அட்டவணை. அழுகிற துணையைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. இதோடு விட்டுவிடலாமா என்றுகூட இருந்தது. அப்போதுதான் அந்த மூன்று சொற்கள் தோன்றின. ஸ்டோரில் பால் டின்களுக்கு எண் போடும் இராஜமாணிக்கம் எழுதிக் கொடுத்தார். நேற்று விடிகாலை ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டில் எல்லாருக்கும் முதுகைக் காட்டி நின்று, இந்தப் பனியனோடு நான் ஓடினாலும் மிதந்தாலும் விழுந்தாலும் ஒருவரும் கிட்டே வரக்கூடாது என்று கேட்டுக்கொண்டேன். படிக்கத் தெரியாதவர்களுக்காக முனியாண்டி இரண்டு முறை உரக்க வாசித்தார். இன்று காலை எட்டுக் கிலோமீட்டர் ஓடினேன். யாரும் நிமிர்ந்தே பார்க்கவில்லை. “ஒன்னும் ஆவலையாம்” என்று மயிலம்மாள் பஞ்சாலையிடம் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. மச்சான், இத்தனை வருஷத்தில் இவ்வளவு நிம்மதியாக நான் ஓடியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை போட்டி. தோட்டத்து ஆட்கள் லாரி பிடித்துப் பார்க்க வருகிறார்கள். இந்த வருஷம் முடிப்பது உறுதி. தாங்கள் ஆரஞ்சுச் சுளைகளோடு முடிவுக்கோட்டில் நின்றால் போதும். தங்கள் வீட்டாருக்கு ஆண்டவர் நல்ல சுகத்தையும், தங்களுக்குப் பகல் ஷிப்டையும் அருள்வாராக.

தங்கள் அன்புள்ள,
அமலதாஸ்

பி.கு.: ஸ்டாம்பு வாங்க மறந்து இந்தக் கடிதம் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. போட்டி நேற்று நடந்தது. சப்பாத்து தனிப் பார்சலில் வருகிறது. ஆறாவது கிலோமீட்டரில் கால் பிசகிக் குப்புற விழுந்தேன். எழ முடியவில்லை, பேச மூச்சில்லை. தோட்டத்து லாரி வந்து நின்றது. முனியாண்டி இறங்கி என் முதுகை எல்லாருக்கும் உரக்க வாசித்தார். லாரி போய்விட்டது. அரை மணி நேரம் கழித்து, ஐஸ் விற்றுக்கொண்டு வந்த ஒரு சீனர் என்னைத் தூக்கி உட்கார வைத்தார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.