அம்மிக்கல்லில் எடுத்த போட்டோ

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்து ஒரே ஒரு மனிதரிடம்தான், "இது செத்துப்போச்சு" என்று சொல்லி எதையும் கொடுக்கக் கூடாது. வேறு யாரிடம் சொன்னாலும் "அடடா" என்பார்கள். இவர் அடுப்பைப் பற்றவைப்பார்.

லாரி டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயர் எக்ஸ்ரே. சம்பள நோட்டில் வேறு பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற ரோட்டோரம், சுண்ணாம்புக்கல் லாரிகளை ஏற்றி நிறுத்தி எடை பார்க்கிற எடைமேடை ஒன்று உண்டு. அதை இயக்குகிறவர் அவர். பக்கத்து மேஜையில் எடைச்சீட்டு எழுதும் கிளார்க்காக, நாற்பத்தாறு வயதில் நான் போய்ச் சேர்ந்தேன். அதற்கு முன்னால் நான் பார்த்துக் கெடுத்த வேலைகளைச் சொல்ல ஆரம்பித்தால் இந்தப் பத்திரிகையில் விளம்பரத்துக்கு இடம் இருக்காது.

சேர்ந்த இரண்டாம் நாள் என் போன் கண் திறக்கவில்லை. "எக்ஸ்ரேகிட்ட குடுங்க சார், எலக்ட்ரானிக்ஸுல பெரிய கை" என்றார் ஒரு டிரைவர். "செத்துப்போச்சுங்க" என்று சொல்லிக் கொடுத்தேன். மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது ஆபீஸுக்குப் பின்னாலிருந்து ஒரு நாற்றம் வந்தது. கருவாட்டையும் டயரையும் ஒரே சட்டியில் வதக்கினால் அப்படி வரும். போய்ப் பார்த்தேன். சின்ன கேஸ் அடுப்பின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, குறடில் கறுப்பாக எதையோ பிடித்து வாட்டிக்கொண்டிருந்தார் எக்ஸ்ரே.

"என்னங்க சுடுறீங்க?"

"உங்க போனுங்க."

"சரி பண்ணத்தானே குடுத்தேன்?"

"செத்துப்போச்சுன்னுல்ல சொன்னீங்க. ரிப்பேருன்னு சொல்லலியே."

"அதுல என் வூட்டுக்காரி நம்பர் இருக்குங்க."

"கட்டுன பொண்டாட்டி நம்பரு மனப்பாடமா தெரியாதா?" என்று அவர் என்னைப் பார்த்த பார்வையில், தப்பு செய்தவன் நான்தான் என்று எனக்கே தோன்றிவிட்டது.

சாயங்காலம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு படத்தைக் காட்டினார். ரோஸ், பச்சை, தங்க நிறத்தில் ஒரு பெரிய ஊரை ஆகாயத்திலிருந்து பார்த்த மாதிரி இருந்தது. நேர்நேராகத் தெருக்கள், வரிசை வரிசையாக வீடுகள், ஓரத்தில் சதுரம் சதுரமாகக் குளங்கள்.

"எந்த ஊருங்க இது?"

"உங்க போனுதாங்க. சிப்புன்னு நாம பாக்குற கறுப்பு பிளாஸ்டிக் வெறும் சட்டை. அதைப் பொசுக்கி உதுத்தா உள்ளாற மொளகு அளவுல கண்ணாடி மாதிரி ஒரு துண்டு இருக்கும். அதுதான் ஆளு. மூணு வருசம் சட்டைப் பையில வச்சிருந்தீங்களே, ஒருநாளாவது பாத்தீங்களா?"

நான் பார்த்ததில்லை. மனைவி நம்பர் போன துக்கத்தை அரை மணி நேரம் மறந்து அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதை மனைவியிடம் சொல்லவில்லை. இனிமேலும் சொல்வதாக இல்லை.

அந்தப் படம் எடுக்கிற கருவியைப் பார்த்தபோது அடுத்த அதிர்ச்சி. கேமரா, ஜெயங்கொண்டத்தில் கல்யாண போட்டோ எடுக்கிற ஒருவர் பூசணம் பிடித்துவிட்டது என்று தள்ளிவிட்டது. அதன் வாயில் லென்ஸுக்குப் பதிலாக போர் போடுகிறவர்கள் விட்டுப்போன பிளாஸ்டிக் பைப் ஒரு சாண். பைப்பின் உள்பக்கம் முழுக்கக் கரும்பலகைப் பெயின்ட். பைப்பின் நுனியில் உடையார்பாளையம் பழைய இரும்புக் கடையில் கிடைத்த, ஏதோ பள்ளிக்கூடத்து மைக்ராஸ்கோப்பின் லென்ஸ். கீழே, சிப்பை உட்காரவைத்து ஏற்றி இறக்க, செத்துப்போன டிவிடி பிளேயருக்குள் லென்ஸை நகர்த்துகிற குட்டி வண்டி. அதன் திருகில் சைக்கிள் கம்பி ஒன்றை முள்ளாகக் கட்டி, அதைச் சுற்றிக் கோடு போட்ட அட்டையை ஒட்டியிருந்தார்.

"இவ்வளவு கிட்டத்துல பாத்தா ஒரு முடி கனம்கூட முழுசாத் தெளிவா விழாதுங்க. அதனால முள்ளை ஒரு கோடு திருப்பு, ஒரு போட்டோ. இன்னொரு கோடு, இன்னொரு போட்டோ. அப்படி நாப்பது. நாப்பதுலயும் தெளிவான எடத்தை மட்டும் கம்ப்யூட்டரு பொறுக்கி ஒரே படமா ஒட்டிக் குடுத்துரும்."

கம்ப்யூட்டர் அப்படிப் பொறுக்குகிற அரை மணி நேரம் எடைச்சீட்டு பிரிண்ட் ஆகாது. நான் கையால் எழுதுவேன். என் கையெழுத்தைப் படிக்க முடியாமல் டிரைவர்கள் என்னைத் திட்டுவார்கள். எக்ஸ்ரேவை யாரும் திட்ட மாட்டார்கள்.

வெளிச்சத்துக்கு ஒரு எல்ஈடி பல்பு, டீக்கடை பேப்பர் கப்புக்குள். அதற்கும் ஒரு தத்துவம் வைத்திருந்தார். சிப்பு முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரியாம். பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தால் இருட்டாகத்தான் தெரியும். நேர் மேலிருந்து விழவேண்டும். ஆனால் நேர் மேலே லென்ஸ் இருக்கிறதே? அதனால் நடுவில் ஒரு மெல்லிய கண்ணாடியைச் சாய்த்து வைத்து, வெளிச்சத்தை அதில் மோதவிட்டுக் கீழே இறக்குவார். நான் வாயைப் பிளந்து கேட்டுவிட்டுத் திரும்பினால், சுவரில் மாட்டியிருந்த முதலாளி படத்தின் பிரேமில் கண்ணாடி இல்லை.

"ஐயோ, மொதலாளி பாத்தா?"

"அவரு படத்தை அவரே எதுக்குப் பாக்கப்போறாரு?"

ஆனால் அவருடைய நிஜமான எதிரி முதலாளி இல்லை, லாரி. முப்பது டன் கல்லோடு ஒரு லாரி ரோட்டில் போனால் ஆபீஸே நடுங்கும். சிப்பு நடுங்கினால் நாற்பது போட்டோவும் பாழ். எக்ஸ்ரே கண்டுபிடித்த வைத்தியம் இது: ஸ்கூட்டர் டியூபில் பாதி காற்று அடித்துத் தரையில் படுக்கப்போட்டு, அதன்மேல் ஒரு அம்மிக்கல்லை வைத்து, கல்லின்மேல் மொத்தக் கருவியையும் நிறுத்துவது. டியூப் நடுக்கத்தை வாங்கிக்கொள்ளும், கல் அசையாது.

அம்மிக்கல் அவர் வீட்டுடையது. வாரம் இரண்டு தடவை அவர் மனைவி, தேங்காய், வரமிளகாய், புளியோடு எடைமேடைக்கே வந்துவிடுவார்.

"கல்லைக் காலி பண்ணுங்க, தொவையல் அரைக்கணும்."

"அம்மா, வூட்டுல மிக்ஸி இல்லீங்களா?" என்றேன் ஒருநாள்.

"இருக்கு சார். மிக்ஸியில அரைச்சா இந்த மனுசன் திங்க மாட்டாரு."

லாரிகள் ஒருபக்கம் நிற்க, அந்த அம்மா மிளகாய் அரைக்க, எக்ஸ்ரே கேமராவைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிற காட்சியை நான் வேறு எந்த ஆபீஸிலும் கண்டதில்லை.

அப்படியும் எடைமேடைக்குள்ளேயே வருகிற லாரியின் ஆட்டத்தை டியூப் தாங்காது. அதற்கும் வழி செய்தார். நாற்பது போட்டோ முடிகிறவரை வாசலில் சிவப்பு விளக்கு. முதல்தடவை மீன்சுருட்டி டிரைவர் ஒருவர் ஜன்னலில் வந்து நின்றார்.

"எக்ஸ்ரேண்ணே, கல்யாண ஆல்பமா எடுக்குறீங்க? பொண்ணு மாப்பிள்ளையே இவ்வளவு நேரம் நிக்காதுண்ணே."

"எஞ்சினை அணைச்சுட்டு வந்து பாரு."

அவர் அணைத்துவிட்டு வந்து பார்த்தார். மறுநாள் அவரே, பின்னால் வந்த லாரியிடம் போய், "எக்ஸ்ரேண்ணன் படம் எடுக்குறாரு, வண்டிய ஆஃப் பண்ணுய்யா" என்றார். அது வழக்கமாகிவிட்டது. விளக்கு சிவந்தால் வரிசையாக எஞ்சின்கள் அணையும். ஆபீஸுக்குள் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். அதுவும் அவர் உத்தரவுதான். "ஊதாதீங்க சார், ஆடுது" என்பார்.

இவ்வளவு நாளும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு ஒருநாள் சோறே ஆட்டம் கண்டது.

எடை காட்டும் பெட்டியில் ஒரு சிப்பு போய்விட்டது. முதலாளி என்னைத் திருச்சிக்கு அனுப்பினார். கடையில் பெயரும் நம்பரும் ஒப்பிட்டுப் பார்த்து ஒன்று வாங்கி வந்தேன். மெக்கானிக் மாட்டினார். அன்றிலிருந்து எடை ஆட ஆரம்பித்தது. காலையில் ஒரு எடை, வெயில் ஏறினால் அதே காலி லாரி வேறு எடை. கல் வாங்குகிறவர்கள் சண்டைக்கு வந்தார்கள். மெக்கானிக் வேறொரு சிப்பு கொண்டுவந்து மாட்டியதும் ஆட்டம் நின்றுவிட்டது. அப்படியானால் குற்றம் நான் வாங்கிவந்ததில். மெக்கானிக் அதைக் கழற்றி என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

முதலாளி வந்தார். "ஏன்யா, டிரைவருங்களோட சேந்துக்கிட்டு எடையைக் கொறைக்க எதையோ வாங்கியாந்து மாட்டிட்டியா? உண்மையைச் சொல்லு. சனிக்கிழமை நான் வரப்ப பதில் இல்லைன்னா சாவியை வச்சுட்டுப் போயிரு."

என்னிடம் இருந்ததெல்லாம் மாத்திரை அட்டையில் சுற்றிவைத்த அந்தச் சிப்பு ஒன்றுதான். சனிக்கிழமை காலையில் எக்ஸ்ரே கையை நீட்டினார்.

"குடுங்க சார். உள்ளாற பாத்துருவோம்."

"இது ஒண்ணுதாங்க எனக்கு சாட்சி. இதையும் சுட்டுட்டா நான் எதைக் காட்டுவேன்?"

"சுடாம காட்டுனா என்ன தெரியும்? கறுப்புச் சட்டைதான் தெரியும்."

"உடைஞ்சுட்டா?"

"நாலுல ஒண்ணு வெடிச்சிரும்" என்றார், நாலில் ஒன்று பூச்சிக் கத்தரிக்காய் என்று சொல்கிற மாதிரி.

கொடுத்தேன். வேறு எந்த முட்டாளும் கொடுத்திருக்க மாட்டான். முதலில் சட்டையோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு அடுப்பு. பொசுங்கியதைக் குறடால் மெதுவாக நெரித்தார். கரி உதிர்ந்தது. நகச்சாயம் அழிக்கிற திரவத்தில் முக்கி எடுத்தார். முழுசாக இருந்தது.

சிவப்பு விளக்கு. எஞ்சின்கள் அணைந்தன. நாற்பது போட்டோ. அரை மணி நேரம். படம் திரையில் வந்தது. பார்த்தால், ஊருக்கு ஒரு மூலையில் சிவப்பாக ஒரு மலை விழுந்து கிடக்கிறது.

"என்னங்க இது?"

எக்ஸ்ரே தலையைச் சொறிந்தார். "மொளகாத் தோலுங்க. முந்தாநேத்து தொவையல்."

"ஓரமாத்தானே கெடக்கு?"

"அந்த மூலையிலதான் சார் செஞ்ச கம்பெனி பேரைப் பொறிச்சிருப்பான்."

என் வேலைக்கும் எனக்கும் நடுவே ஒரு வரமிளகாய். வாழ்க்கை என்னை இதைவிட மலிவாக அவமானப்படுத்தியதில்லை. எக்ஸ்ரே ஒரு மெல்லிய பிரஷ்ஷால் அதைத் தட்டிவிட்டு மறுபடி முதல் கோட்டிலிருந்து ஆரம்பித்தார். முப்பத்தொன்றாவது போட்டோவில் வாசலில் ஹாரன் கேட்டது. முதலாளி கார்.

எக்ஸ்ரே கண்ணை எடுக்காமல், ஜன்னல் வழியாக ஒரு கையை மட்டும் வெளியே நீட்டினார்.

"எஞ்சினை அணைங்க."

வாசலில் நின்ற டிரைவர்கள் சிலையானார்கள். ஜன்னலோரம் நின்று எண்ணிக்கொண்டிருந்த மீன்சுருட்டிக்காரர் மட்டும் கார் பக்கம் போய்க் குனிந்து, "மொதலாளி, இன்னும் ஒம்போதுதான்" என்றார்.

எஞ்சின் அணைந்தது. அந்த ஒன்பது போட்டோவுக்கு ஒரு மனிதனும் மூச்சுவிடவில்லை.

முதலாளி லாரிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு அரை மணி கழித்து உள்ளே வந்தபோது எக்ஸ்ரே திரையில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். ஒன்று, பெட்டியில் முன்பு செத்துப்போன ஒரிஜினல் சிப்பு. அதையும் விட்டுவைக்காமல் சுட்டு வைத்திருந்தது அன்றைக்கு உதவியது. அதில் நெருக்கமான டவுன். நான் வாங்கியதில் பொட்டல் காட்டில் நாலு கொட்டகை.

"ரெண்டுக்கும் வெளியில ஒரே பேரு, ஒரே நம்பரு. இந்தா சட்டையோட எடுத்த படம். உள்ளாற மூலையைப் பாருங்க. கம்பெனியே வேற. எவனோ மலிவுச் சரக்கு மேல இருந்த எழுத்தைத் தேச்சுட்டு, புதுசா எழுதி வித்திருக்கான். கடைக்காரனுக்கே தெரிஞ்சிருக்காது."

"இவருக்குத் தெரியாதுன்னு என்னய்யா நிச்சயம்?"

"எப்படிங்க தெரியும்? கடையிலேயே அடுப்பு வச்சு வதக்கிப் பாத்தா வாங்குவாரு? பொண்டாட்டி நம்பரே தெரியாத மனுசன் மொதலாளி இவரு."

இதைவிடப் பெரிய நற்சான்றிதழ் எனக்கு இதுவரை கிடைத்ததில்லை.

முதலாளி திரையைக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். சாவியைக் கேட்கவில்லை. பிறகு நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். "என் படத்துக்குக் கண்ணாடி எங்கய்யா?"

எக்ஸ்ரே அம்மிக்கல்லைக் காட்டினார். "அதுலதாங்க வெளிச்சம் போவுது."

முதலாளி போகும்போது வாசலில் இருந்தவர்களிடம், "இந்தாளு படம் எடுக்குறப்ப எவனும் ஹாரன் அடிக்காதீங்க" என்றார். அடித்தவர் அவர் ஒருவர்தான்.

இப்போது என்னை அரியலூர் ஆபீஸுக்கு மாற்றிவிட்டார்கள். புது போன் நன்றாக உழைக்கிறது. அது எப்போது சாகும் என்று காத்திருக்கிறேன். பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் அந்த எடைமேடையைத் தாண்டித்தான் போகவேண்டும். வாசலில் லாரிகள் எஞ்சின் அணைத்து நிற்பது தெரிந்தால், ஜன்னலோரம் உட்கார்ந்து, பஸ் தாண்டுகிறவரை மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். இத்தனை பெரிய பஸ் ஆட்டாத கல்லை என் மூச்சு ஆட்டிவிடாது. தெரியும். இருந்தாலும்.